புல்வெட்ட எதற்குப் பட்டம்? அமெரிக்கச் சமுதாயக் கல்லூரிகளில் தோட்டக்கலைப் படிப்பு

அமெரிக்காவில் தோட்டவேலைக்கு வருபவரிடம் யாரும் சான்றிதழ் கேட்பதில்லை. ஒரு பிக்கப் வண்டி, புல்வெட்டும் இயந்திரம், இலை ஊதும் இயந்திரம், வண்டிக் கதவில் ஒரு போன் நம்பர். இவ்வளவு இருந்தால் திங்கட்கிழமை காலையே தொழில் தொடங்கிவிடலாம். பலர் அப்படித்தான் தொடங்கினார்கள், அதில் நன்றாகப் பிழைத்தும் வருகிறார்கள். அதே நாட்டில்தான் கம்யூனிட்டி காலேஜ் எனப்படும் சமுதாயக் கல்லூரிகள் தோட்டக்கலையை இரண்டு வருடப் பட்டமாக நடத்துகின்றன. மண்ணியல் உண்டு, லத்தீன் பெயர்கள் உண்டு, வாரந்தோறும் தேர்வு உண்டு. படிக்காமலே செய்யக்கூடிய வேலையை மெனக்கெட்டு எதற்குப் படிக்க வேண்டும் என்று கேட்பது நியாயமான கேள்வி. அந்தப் படிப்பு எங்கிருந்து வந்தது, வகுப்பில் உண்மையில் என்ன நடக்கிறது என்று பார்த்தால்தான் இதற்குப் பதில் சொல்ல முடியும்.

சமுதாயக் கல்லூரி என்றதும் நமக்குப் பாலிடெக்னிக் நினைவுக்கு வரும். பாதி சரி. தொழிற்படிப்பு அங்கே உண்டு. ஆனால் பல்கலைக்கழகப் படிப்பின் முதல் இரண்டு வருடங்களை மலிவாக முடித்துவிட்டு மூன்றாம் வருடத்துக்கு மாறிப்போகிறவர்களும் அதே வளாகத்தில்தான் படிக்கிறார்கள். மதிப்பெண் பார்த்துச் சேர்க்கும் வழக்கம் பொதுவாக இல்லை. பதினெட்டு வயதுப் பையனும் அறுபது வயதுப் பாட்டியும் ஒரே பெஞ்சில் உட்காரலாம். சுமார் 60 கிரெடிட் (வகுப்பு நேரத்தை வைத்துப் படிப்பை அளக்கும் அலகு) முடித்தால் 'அசோசியேட்' பட்டம். அவ்வளவு நேரமில்லாதவர்களுக்குச் சில பாடங்களை மட்டும் தொகுத்த சான்றிதழ்கள் உண்டு.

அமெரிக்காவில் வேளாண் கல்வியின் கதை 1862இல் வந்த மாரில் சட்டத்தில் தொடங்குகிறது. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் ஒரு மாநிலத்துக்கு எத்தனை உறுப்பினர்களோ, ஒவ்வொருவர் கணக்கிலும் 30,000 ஏக்கர் வீதம் நிலம். அதை விற்று வரும் பணத்தில் வேளாண்மையும் பொறியியலும் கற்பிக்கும் கல்லூரி. அந்த நிலத்தில் பெரும்பகுதி பூர்வகுடிகளிடமிருந்து பறித்தது என்பதை இன்று அந்தப் பல்கலைக்கழகங்களே பேசத் தொடங்கியிருக்கின்றன. 1887இல் ஆராய்ச்சி நிலையங்கள் வந்தன. 1914இல் ஸ்மித்-லீவர் சட்டம் அந்த ஆராய்ச்சியை விவசாயியின் வாசலுக்குக் கொண்டுபோகும் விரிவாக்கப் பணியை உருவாக்கியது. எல்லாம் முக்கியமாகப் பயிர் விவசாயத்தை மனத்தில் வைத்துச் செய்தவை. நாற்றுப்பண்ணையில் ரோஜா வளர்ப்பவருக்கும் தெருவோர மரங்களுக்குக் கவாத்து செய்பவருக்கும் பாடம் நடத்தியவர்கள் குறைவு. இந்த வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் வேலையிடத்தில் மேஸ்திரியின் கையைப் பார்த்துக் கற்றார்கள்.

இன்றுவரை தொடர்ந்து நடக்கும் பொதுச் சமுதாயக் கல்லூரிகளில் மிகப் பழையது, இல்லினாய் மாநிலத்தில் 1901இல் ஆறு மாணவர்களோடு தொடங்கிய ஜோலியட் ஜூனியர் காலேஜ். அப்போது அது பல்கலைக்கழகத்துக்கு ஒரு திண்ணை மாதிரி. தொழிற்படிப்பு பிறகு வந்தது. இந்த வகைக் கல்லூரிகள் பெருகியது இரண்டாம் உலகப்போருக்குப் பின்னால்தான். போரிலிருந்து திரும்பியவர்களுக்கு 1944ஆம் வருடச் சட்டம் படிப்புச் செலவைக் கொடுத்தது. அதிபர் ட்ரூமன் அமைத்த குழு 1947இல், ஒவ்வோர் ஊருக்கும் எட்டும் தூரத்தில் ஒரு கல்லூரி வேண்டும் என்று எழுதி, 'கம்யூனிட்டி காலேஜ்' என்ற பெயரையும் பரப்பியது. 1960களில் மட்டும் 400க்கும் மேற்பட்டவை திறந்தன.

அதே காலத்தில் ஊரின் முகமும் மாறியது. 1947இல் நியூயார்க் அருகே லாங் ஐலண்டின் உருளைக்கிழங்கு வயல்களில் லெவிட்டவுன் என்ற புறநகர் எழுந்தது. வரிசை வரிசையாக ஒரே மாதிரி வீடுகள், ஒவ்வொன்றின் முன்னும் புல்வெளி. 1956க்குப் பிறகு நெடுஞ்சாலைகள் நீண்டன. 1965இல் அந்தச் சாலையோரங்களை அழகுபடுத்தவும் சட்டம் வந்தது. இத்தனை புல்லையும் புதரையும் மரத்தையும் யார் வளர்த்துக் கொடுப்பது, யார் பராமரிப்பது? புதுக் கல்லூரிகளில் பல, ஊரோரத்தில் முன்பு பண்ணையாக இருந்த நிலத்தில் அமைந்ததால் பசுமைக்குடில் கட்ட இடம் இருந்தது. 'ஆர்னமெண்டல் ஹார்ட்டிகல்ச்சர்' என்று அழகுச் செடிகளுக்கான துறைகள் முளைத்தன. புறநகர் வீட்டுப் புல்வெளியின் பிள்ளை இந்தப் படிப்பு என்று சொன்னால் மிகையில்லை.

பிறகு அந்தப் புல்வெளியோடே அதற்குச் சண்டை வந்தது தனிக்கதை. கலிஃபோர்னியாவில் 2012 முதல் வாட்டிய வறட்சியின் நடுவே, 2015இல் நகரங்களின் தண்ணீர்ப் பயன்பாட்டை 25 சதவீதம் குறைக்கச் சொல்லி ஆளுநர் உத்தரவிட்டார். புதுத் தோட்டங்களுக்கான தண்ணீர் விதிகளும் அதே வருடம் இறுகின. புல்லைப் பேணச் சொல்லிக்கொடுத்த ஆசிரியர்களே புல்லை அகற்றிவிட்டு வறட்சி தாங்கும் உள்ளூர்ச் செடிகளை வைக்கவும், சொட்டுநீர்ப் பாசனத்தைக் கணக்கிடவும் சொல்லிக்கொடுக்க வேண்டியதாயிற்று. கொய்மலர் வளர்ப்புக்கு அடி இன்னும் முன்னாலேயே விழுந்துவிட்டது. 1991இல் கொலம்பியா போன்ற ஆண்டிஸ் நாடுகளுக்குச் சுங்கவரிச் சலுகை கிடைத்தபின் கார்னேஷனும் ரோஜாவும் விமானத்தில் வந்து இறங்கின, உள்ளூர்ப் பூப்பண்ணைகள் ஒவ்வொன்றாக மூடின. பல துறைகளின் பெயர்ப்பலகையில் 'அழகு' போய் 'சுற்றுச்சூழல்' வந்ததற்கு இவையெல்லாம் காரணம். பெயரை மாற்றாமல் பழைய பாடத்திட்டத்தையே பிடித்துக்கொண்டிருந்த துறைகளுக்கு மாணவர்கள் குறைந்தார்கள்.

சரி, வகுப்புக்குள் போவோம். எந்தக் கல்லூரியானாலும் இந்தப் படிப்பின் முதுகெலும்பு தாவர அடையாளம் காணும் பாடம்தான். பெரும்பாலும் வளாகமே வகுப்பறை. வாரத்துக்குப் பதினைந்து, இருபது செடிகள். நடந்துகொண்டே ஆசிரியர் காட்டுவார், மறு வாரம் மேசையில் கிளைத்துண்டுகள் கிடக்கும், பேரினம், சிற்றினம், குடும்பம் மூன்றையும் எழுத வேண்டும். லத்தீனில் ஓர் எழுத்துப் பிழைத்தாலும் மதிப்பெண் போகும். குளிர்காலத்தில் இன்னும் கொடுமை: இலையே இல்லாத குச்சியைக் கொடுத்துவிட்டு, மொட்டையும் இலைத்தழும்பையும் பார்த்துச் சொல்லச் சொல்வார்கள்.

லத்தீன் எதற்கு என்று முணுமுணுக்காத மாணவர் இல்லை. தமிழர்களுக்கு இதை விளக்குவது எளிது. செங்காந்தள், கார்த்திகைப்பூ, கண்வலிக்கிழங்கு மூன்றும் ஒரே செடி. குளோரியோசா சுப்பர்பா என்றால் உலகில் எங்கும் அது ஒன்றுதான். ஆனால் அமெரிக்கத் தெருக்களில் இந்தக் குழப்பத்துக்குப் பணத்திலேயே விலை கொடுத்திருக்கிறார்கள். 2002இல் டெட்ராய்ட் அருகே, வடகிழக்கு ஆசியாவிலிருந்து வந்த பச்சைநிற வண்டு ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். எமரால்டு ஆஷ் போரர் என்று பெயர். அதன் புழு ஆஷ் மரத்தின் பட்டைக்குள் குடைந்து, சாறு ஓடும் பாதையை அறுத்துவிடும். கோடிக்கணக்கான மரங்கள் பட்டுப்போயின. ஒரு மரத்தைக் காப்பாற்ற வேண்டுமானால் சில வருடங்களுக்கு ஒருமுறை தண்டில் மருந்து ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் வெட்ட வேண்டும். இரண்டுக்கும் செலவு உண்டு.

இப்போது ஒரு வீட்டுக்காரர் கூப்பிட்டு, "என் மவுண்டன் ஆஷ் மரத்தைப் பாருங்கள், வண்டு வந்துவிடுமா?" என்று கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மவுண்டன் ஆஷ் என்பது ஆஷே அல்ல. அது ரோஜாக் குடும்பத்துச் சோர்பஸ், வண்டு அதைத் தொடாது. உண்மையான ஆஷ் ஆலிவ் குடும்பத்து ஃபிராக்சினஸ். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் கூட்டிலைதான், ஏமாந்துவிடலாம். கிளையைப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆஷில் இலைகள் எதிரெதிராக வரும், சோர்பஸில் மாறிமாறி வரும். எதிரெதிர் இலையடுக்குள்ள மரங்கள் அங்கே கொஞ்சம்தான் என்பதால் மேப்பிள், ஆஷ், டாக்வுட், ஹார்ஸ் செஸ்ட்நட் நான்கில் முதல் மூன்றின் ஆங்கில முதலெழுத்துகளோடு கடைசியின் 'ஹார்ஸ்' சேர்த்து 'மேட் ஹார்ஸ்' என்று ஒரு மனப்பாடச் சூத்திரம் உண்டு. கிறுக்குக் குதிரை! முதல் மாதத்தில் கேட்டது ஆயுசுக்கும் மறக்காது.

குடும்பத்தை ஏன் எழுதச் சொல்கிறார்கள் என்பதற்கும் இதே வண்டு பதில் வைத்திருக்கிறது. 2014இல் அது ஃபிரிஞ்ச் மரத்திலும் இருப்பது தெரியவந்தது. அதுவும் ஆலிவ் குடும்பம். குடும்பம் தெரிந்தவர், ஆபத்து அடுத்து எங்கே வரக்கூடும் என்று முன்கூட்டியே கண் வைத்திருப்பார். (நம் மல்லிகையும் அந்தக் குடும்பம்தான். பதற வேண்டாம், வண்டுக்குத் தேவை மரம்.) இன்னொரு பக்கமும் இருக்கிறது. அமெரிக்க நகரங்களில் ஆஷ் இவ்வளவு நெருக்கமாக நின்றதற்குக் காரணம், டச்சு எல்ம் நோயில் செத்த எல்ம் மரங்களின் இடத்தில் பலர் ஆஷையே நட்டதுதான். ஒற்றை மரத்தை வரிசையாக நட்டால் என்ன ஆகும் என்று ஒருமுறை பார்த்தபிறகும் அதையே மறுபடி செய்தார்கள். தெரு மரங்களைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் பெயரும் குடும்பமும் தெரிந்த ஒருவர் உட்கார வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு வாதம் தேவையில்லை.

அடுத்து, கையால் கற்கும் பாடம்: இனப்பெருக்கம். முருங்கைப் போத்து நட்டவர்களுக்கும் கொடியைப் பதியம் போட்டவர்களுக்கும் அடிப்படை புதிதல்ல. கல்லூரியில் அதைக் கணக்காகச் செய்கிறார்கள். கணுவுக்குக் கீழே வெட்டி, வேரூக்கிப் பொடியில் தொட்டு, அடியில் இளஞ்சூடும் மேலே பனித்தூவலும் உள்ள மேசையில் வைக்கிறார்கள். எத்தனை வைத்தோம், எந்தத் தேதி, எத்தனை வேர் பிடித்தது என்று ஏட்டில் எழுதுகிறார்கள். ஒட்டுக்கட்டும்போது இரு குச்சிகளின் பட்டைக்கடியில் உள்ள மெல்லிய பச்சைப் படலம் ஒன்றையொன்று தொட வேண்டும். தொட்டதா என்று சில வாரங்களில் செடியே சொல்லிவிடும். இந்தப் பாடத்தில் பூசி மெழுக வழியில்லை. தட்டில் பாதி கறுத்துக் கிடந்தால் கிடந்ததுதான்.

கவாத்துப் பாடத்தில் வேறொரு விஷயம் நடக்கிறது: பழைய பழக்கத்தை மறக்கச் சொல்கிறார்கள். கிளையைத் தண்டோடு ஒட்ட வழவழப்பாக வெட்டி, காயத்தில் பெயின்ட் பூசுவது ஒருகாலத்தில் நல்ல வேலைக்கு அடையாளம். அமெரிக்க வனத்துறையில் வேலைபார்த்த அலெக்ஸ் ஷைகோ மரங்களைச் சங்கிலி ரம்பத்தால் நீளவாக்கில் அறுத்து, பழைய காயங்களுக்கு உள்ளே என்ன ஆனது என்று பார்த்தார். 1977இல் வெளியான அவருடைய ஆய்வு, மரம் நம் தோலைப்போல் காயத்தை ஆற்றிக்கொள்வதில்லை என்று காட்டியது. கெட்டுப்போன பகுதியைச் சுற்றிச் சுவர் எழுப்பி அடைத்துவிட்டு, அதற்கு வெளியே புது மரத்தை வளர்க்கிறது. அந்தத் தடுப்பின் பலம், கிளை தண்டோடு சேருமிடத்தில் புடைத்திருக்கும் 'காலர்' பகுதியில் இருக்கிறது. ஒட்ட வெட்டினால் போவது அதுதான். பெயின்டும் பயனில்லை. இன்று எந்த வகுப்பிலும் இதுவே பாடம். இருந்தும் தெருவில் பாருங்கள், மொட்டையடித்த மரங்கள் வரிசையாக நிற்கும். இருபது வருடம் ரம்பம் பிடித்த கைக்கும், ஏன் இங்கே வெட்டக்கூடாது என்று தெரிந்த கைக்கும் உள்ள இடைவெளியைத்தான் இந்தப் படிப்பு விற்கிறது என்பது என் எண்ணம்.

கணக்கும் உண்டு, பலர் தடுக்கி விழும் இடம். 1,000 சதுர அடிப் புல்லுக்கு 1 பவுண்டு நைட்ரஜன் போடச் சொல்கிறார்கள். மூட்டையில் 20-5-10 என்று அச்சிட்டிருக்கிறது. முதல் எண் நைட்ரஜன் சதவீதம், ஆகவே 5 பவுண்டு உரம் போதும். கேட்க எளிது. மூட்டையைப் பிரித்து அப்படியே கொட்டிவிட்டு மழைநீரோடு ஏரிக்கு அனுப்புகிறவர்கள்தான் அதிகம்.

இந்தப் படிப்பின் பெரிய முரண் காலண்டரில் இருக்கிறது. கல்லூரி ஆகஸ்ட் கடைசியில் திறந்து மே மாதத்தில் மூடுகிறது. நாட்டின் பெரும்பகுதியில் செடி உச்சத்தில் வளர்வது மே முதல் ஆகஸ்ட் வரை! மாணவர் இல்லாத அந்த மாதங்களில்தான் களையும் பூச்சியும் தண்ணீர்ச் சிக்கலும். இந்த ஓட்டையைக் கோடைப் பயிற்சி வேலையால் அடைக்கிறார்கள். நாற்றுப்பண்ணையிலோ பொதுத்தோட்டத்திலோ சில மாத வேலை, அதற்குக் கிரெடிட். வசந்தப் பருவத்தில் பல கல்லூரிகள் செடி விற்பனை நடத்தும், அன்னையர் தினத்தை ஒட்டி வரும் வாரம் அதற்கு நல்ல முகூர்த்தம். விற்பனை நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி, தக்காளி விதையை ஆறு முதல் எட்டு வாரம் முன்னால் போட வேண்டும். ஒரு வாரம் பிந்தினால் வாங்க வந்தவர் கையில் கொடுக்க நாற்று இருக்காது.

வகுப்பில் யார் இருக்கிறார்கள் என்பதிலும் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. என்ன படிப்பது என்று தெரியாமல் வந்த பதினெட்டு வயதுக்காரர்கள், ராணுவத்திலிருந்து வந்தவர்கள், கணினி வேலை அலுத்தவர்கள், பகலெல்லாம் தோட்டவேலை செய்துவிட்டு மாலை வகுப்புக்கு வரும் ஸ்பானிய மொழிக்காரர்கள், ஓய்வுபெற்றவர்கள். கடைசி வகையினர் ஒன்றிரண்டு பாடங்களை ஆசைக்கு எடுப்பார்கள், பட்டம் அவர்களுக்குத் தேவையில்லை. ஆசிரியருக்கு அவர்கள் வரம். நிர்வாகத்துக்கோ கணக்குப் பிரச்சினை. கலிஃபோர்னியாவில் 2018-19 முதல் கல்லூரிக்கான அரசு நிதியின் ஒரு பகுதி, எத்தனை பேர் பட்டமோ சான்றிதழோ முடித்தார்கள் என்பதைப் பொறுத்தது. வகுப்பு நிரம்பி வழிந்தாலும் பட்டம் வாங்குகிறவர் நாலு பேர் என்றால், குளிர்காலத்தில் பசுமைக்குடிலைச் சூடாக்கும் செலவைக் காட்டித் துறையையே மூடிவிடப் பேச்சு எழும். ஆசைக்குத் தோட்டம் கற்க வேறு வழி இல்லாமலும் இல்லை. பல்கலைக்கழக விரிவாக்கப் பணியின் 'மாஸ்டர் கார்டனர்' தன்னார்வப் பயிற்சி 1970களில் வாஷிங்டன் மாநிலத்தில் தொடங்கி நாடெங்கும் நடக்கிறது. ஆனால் அதை வைத்து வேலை தேட முடியாது. பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

வேலைக்கு வருவோம். முதல் வருடத்தில் பட்டம் வாங்கியவரும் வாங்காதவரும் ஒரே புல்லைத்தான் வெட்டுவார்கள், கூலியிலும் பெரிய வித்தியாசம் இருக்காது. இந்தத் தொழிலின் அடிமட்டம் வெளிநாட்டுப் பருவத் தொழிலாளர்களை நம்பி நடக்கிறது. வருடத்துக்கு 66,000 என்று உச்சவரம்புள்ள எச்-2பி விசாவை அதிகம் பயன்படுத்துவது தோட்டப் பராமரிப்புத் துறைதான். வித்தியாசம் தெரிவது சட்டமும் பொதுப்பணமும் ஆபத்தும் குறுக்கே வரும் இடங்களில். கூலிக்குப் பூச்சிமருந்து தெளிக்க மாநில உரிமம் வேண்டும், மருந்து டப்பாவின் லேபிளில் உள்ளதை மீறுவது மத்தியச் சட்டப்படி குற்றம். கலிஃபோர்னியாவில் தோட்டம் அமைக்கும் ஒப்பந்தக்காரருக்கு சி-27 உரிமம் உண்டு. அதற்கு நான்கு வருட அனுபவம் கேட்பார்கள், படித்த படிப்பை அதில் ஒரு பகுதிக்கு ஈடாக ஏற்பார்கள். மர வல்லுநருக்கான சர்வதேசச் சான்றிதழ்த் தேர்வு எழுத மூன்று வருட அனுபவம் தேவை. தோட்டக்கலையில் இரண்டு வருடப் பட்டம் இருந்தால் இரண்டு வருடம் போதும். நகராட்சி, பூங்கா, தாவரவியல் தோட்டம் போன்றவை விண்ணப்பத்திலேயே படிப்பைக் கேட்பது வழக்கம். ஆக, பட்டம் உள்ளே விடுவதற்கல்ல, மேலே ஏறுவதற்கு. ஏறும் எண்ணம் இல்லாதவர் சான்றிதழோடு நிறுத்திக்கொள்வதில் தவறில்லை.

பல்கலைக்கழகத்துக்கு மாறும் எண்ணம் இருந்தால் முதல் பருவத்திலேயே தீர்மானிக்க வேண்டும். நேரே வேலைக்குப் போகும் 'அப்ளைடு சயன்ஸ்' பட்டத்தின் பாடங்கள் பல இடங்களில் அப்படியே ஏற்கப்படுவதில்லை. வேதியியலும் கணிதமும் சேர்த்து எடுத்தவர்களுக்கு வழி எளிது. இது தெரியாமல் இரண்டு வருடம் முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கியவர்கள் உண்டு.

செலவு மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிஃபோர்னியாவில் வசிப்பவருக்கு 2012 முதல் ஒரு யூனிட் (கிரெடிட்டுக்கு அங்கே அதுதான் பெயர்) 46 டாலர், 60 யூனிட்டுக்கு 2,760 டாலர். புத்தகமும் கத்தரியும் பூட்ஸும் தனி. வருமானம் குறைந்தவர்களுக்கான மத்திய அரசின் பெல் உதவித்தொகை 2024-25இல் அதிகபட்சம் 7,395 டாலர், அதாவது கட்டணம் போகக் கையிலும் மிஞ்சும். வெளிமாநிலத்தவருக்கும் எஃப்-1 மாணவர் விசாவில் வருபவருக்கும் கட்டணம் பல மடங்கு. கணவர் அல்லது மனைவியின் எச்-1பி வேலை விசாவைச் சார்ந்து எச்-4 விசாவில் இருப்பவர்கள் படிக்கத் தடையில்லை. ஆனால் கூலி தரும் பயிற்சி வேலைக்குத் தனி அனுமதி வேண்டும். கோடைப் பயிற்சி கட்டாயமாக உள்ள படிப்பில் சேரும்முன் இதைக் கேட்டுத் தெளிந்துகொள்வது நல்லது.

எந்தக் கல்லூரி என்று தேடுகிறவர்கள் இணையதளத்துப் படங்களை நம்ப வேண்டியதில்லை. அவை ஏப்ரலில், செடி விற்பனைக்கு முந்தைய வாரம் எடுத்தவையாக இருக்கும். ஜூலையில் ஒருநாள் நேரில் போய்ப் பார்க்கலாம். பசுமைக்குடில் காய்ந்து கிடக்கிறதா, தொட்டிகளில் பெயர்ச்சீட்டு இருக்கிறதா, மரங்களை யாராவது மொட்டையடித்திருக்கிறார்களா, விடுமுறையில் தண்ணீர் ஊற்றுவது யார் என்று பார்த்தால் அந்தத் துறையைப் பற்றி வேறு யாரிடமும் விசாரிக்க வேண்டியிருக்காது.